முதுகுக்குப் பின்னால் ஆட்டம்

துகிரான் பதினேழு வருஷத்தில் சொந்த மைதானத்தில் நடந்த ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. ஒரு கோலையும் பார்த்ததில்லை.

கிழக்கு கேலரியின் டிரிகென் அவன், ரசிகர்களின் பாட்டுக்குக் கைகாட்டுபவன். வேலிக் கம்பிக்கு மேல் ஆள் உயரத்தில் ஒரு இரும்பு மேடை, இரண்டு கால் வைக்க மட்டும் இடம். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதில் நின்று எதிரே இருக்கும் நாலாயிரம் பேரைப் பாடவைக்க வேண்டும். கையைத் தூக்கினால் பாட்டு, இறக்கினால் நிறுத்தம். ஆட்டம் பின்னால் எங்கோ நடக்கும். அதை அவன் முகங்களில்தான் பார்ப்பான். பந்து போகிற பக்கம் தலைகள் மெல்லத் திரும்பும். கம்பத்தில் பட்டுத் தெறித்தால் கைகள் தலைக்குப் போகும். கோல் என்றால் முதலில் வாய்கள் திறக்கும், சத்தம் பிறகுதான் வரும். இரண்டுக்கும் நடுவே கண் இமைக்கும் நேரம் இருக்கிறது. அதற்குள் கோல் பாட்டுக்கு அவன் கை மேலே போய்விடும். துகிரானுக்கு முதுகில் கண் என்று கராங்வோனோ ஊரில் சொல்வார்கள். அதை யாராவது சொல்லும்போது அவன் வேறு எங்கோ பார்ப்பான். ஆனால் காது அங்கேதான் இருக்கும்.

பிழைப்புக்கு பஞ்சர் கடை. ஸ்டேடியத்திலிருந்து சந்தைக்குப் போகும் ரோட்டில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு கம்ப்ரசர், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பெஞ்சு. மேடையைக்கூட பழைய ரிம்களை வெட்டி அவன்தான் செய்தான். ஆட்டம் இருக்கும் நாளில் மதியத்தோடு கடையை மூடிவிடுவான். அன்றைக்குப் பஞ்சரானவர்கள் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

வடக்கு கேலரியின் டிரிகென் சம்சுரி. இருவரும் ஒரே சந்து, ஒரே வயது. சிறு பிராயத்தில் டிக்கெட்டுக்குக் காசில்லாமல் ஸ்டேடியத்துக்கு வெளியே இருந்த இலவ மரத்தில் ஏறி ஆட்டம் பார்த்தவர்கள். துகிரான் மேடை ஏறியபோது கீழே மத்தளம் அடித்தவன் சம்சுரி. ஆறு வருஷம் அடித்தான். பிறகு வடக்குப் பக்கத்துக்காரர்கள் தங்களுக்கும் ஒரு ஆள் வேண்டும் என்று வந்து கேட்டார்கள். சம்சுரி மத்தளக் குச்சியை கெம்புல் என்ற குண்டுப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். போகும்போது துகிரானிடம் சொல்லிக்கொண்டுதான் போனான். அதுதான் துகிரானுக்கு இன்னும் உறுத்தியது. சொல்லாமல் போயிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சம்சுரிக்குத் தொழில் ஷேர் வேன் ஓட்டுவது. சந்தைக்கும் மீன் காயப்போடும் கடற்கரைக் குப்பத்துக்கும் நடுவே ஒரு நாளைக்கு ஒன்பது நடை. அவன் வேனில் ஏறினால் யாரும் அவசரப்பட மாட்டார்கள். சில்லறை இல்லையென்றால் நாளைக்குக் கொடு என்பான். நாளைக்கும் கேட்கமாட்டான். துகிரான் கடையில் சில்லறை இல்லையென்றால் சக்கரம் கழன்றபடியே நிற்கும். அப்படித்தான் தொழில் செய்ய முடியும் என்று துகிரான் நினைத்தான். வேனை மட்டும் எப்படி அப்படி ஓட்ட முடிகிறது என்பது அவனுக்குப் புரியவில்லை.

போன மழைக்காலத்தில் குப்பத்திலிருந்து ஒரு பெண்ணை பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு சம்சுரி டவுனுக்குப் பறந்தான். பாதி வழியிலேயே, பின்சீட்டில், காய்ந்த மீன் கூடைகளுக்கு நடுவே குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. சம்சுரி என்றே பெயர் வைத்தார்கள். ஊர் முழுக்க அதே பேச்சு. அந்த வேனின் பின்சக்கரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒட்டுப் போட்டது துகிரான். அந்த ஒட்டு நின்றதால்தான் வண்டி அந்தக் குழியும் மேடும் தாண்டியது. இதை அவன் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தப் பிரசவத்துக்குப் பிறகுதான் ரசிகர் சங்கம் ஆம்புலன்ஸ் வாங்குவது என்று முடிவுசெய்தது. பழைய வேன் ஒன்றை வாங்கி, மஞ்சள் பெயின்ட் அடித்து, குப்பத்துக்காரர்களுக்கு இலவசமாக ஓட்டவேண்டும். மஞ்சள் கராங்வோனோ அணியின் நிறம். அதன்பின் ஆறு மாதம் ஊரில் எங்கே பார்த்தாலும் மஞ்சள் சட்டை போட்டவர்கள் நூடுல்ஸ் அட்டைப்பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றார்கள். சிக்னலில் நின்றார்கள், வெள்ளிக்கிழமை மசூதி வாசலில் நின்றார்கள். கோல்கீப்பரின் கையுறையை ஏலம் விட்டார்கள். சம்சுரி வெள்ளிக்கிழமை வசூல் முழுவதையும் பெட்டியில் போட்டான். துகிரான் கம்ப்ரசர் மேல் ஒரு பிஸ்கட் டின்னை வைத்து, காற்றடிக்க வந்தவர்களிடம் அதைக் கண்ணால் காட்டினான். டின் நிறைந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தான். "பரவாயில்லையே அண்ணே" என்றான் வாங்கிக்கொண்டவன். சம்சுரியின் பணத்தை வாங்கும்போது அவன் எழுந்து நின்றதை துகிரான் பார்த்திருந்தான்.

சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது சங்கத் தலைவர் ஹர்தோயோ காபிக் கடையில் கூட்டம் போட்டார். ரிட்டயர்டு பி.டி. வாத்தியார். காபியை சாசரில் ஊற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அடுத்த சீசனிலிருந்து மைதானம் முழுக்க ஒரே பாட்டு இருக்கவேண்டும் என்று கிளப் சொல்லிவிட்டது. கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று பாடினால் டிவியில் சந்தை இரைச்சல் மாதிரி கேட்கிறதாம். ஆகவே ஒரே டிரிகென்.

எல்லோரும் தம்ளரின் அடியில் படிந்த காபி மண்டியைப் பார்த்தார்கள். துகிரானும் சம்சுரியும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவர் முகத்தில் முழிக்க முடியாது. கடைசியில் கெம்புல்தான், வாயில் வறுத்த சோயா டெம்பேயை வைத்துக்கொண்டு, சொன்னான்.

"கடைசி ஆட்டத்துல ரெண்டு பக்கமும் ஆம்புலன்ஸுக்குப் பெட்டி விடப்போறோம்ல. எந்தப் பக்கம் அதிகம் சேருதோ அந்தப் பக்கத்து ஆளு. பெட்டியே சொல்லட்டும்."

ஹர்தோயோவுக்கு அது பிடித்துப்போனது. மனுஷன் வாயால் யாருக்கும் மனவருத்தம் வராது. சம்சுரி சரி என்று சொல்லிவிட்டு பச்சைமிளகாயைக் கடித்தான். ஊரில் எந்த வேன் முதலில் கிளம்புவது என்று கேட்டால் எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னான். துகிரானும் சரி என்றான். அந்த மேடையிலிருந்து இறங்கினால் அவன் கராங்வோனோவில் பஞ்சர் ஒட்டும் ஆள். வேறு ஒன்றுமில்லை.

வீட்டில் மனைவி வினார்சியிடம் சொன்னபோது அவள் கடலைச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அவரே இருந்துட்டுப் போகட்டுமே. நீங்க என் பக்கத்துல உக்காந்து ஒரு ஆட்டமாவது பாக்கலாம்."

"ஆட்டம் பாக்கப் பன்னெண்டாயிரம் பேர் இருக்கான். டிரிகென் ஒருத்தன்."

"சம்சுரி அண்ணன் ஒண்ணும் உங்ககிட்டேர்ந்து புடுங்கலையே."

"அவன் எதையும் புடுங்க மாட்டான். எல்லாரும் அவன் கையில கொண்டுபோய் வைப்பாங்க."

குழவியின் சத்தம் கொஞ்சம் கூடியது.

பெட்டி விடுவதற்கென்று கராங்வோனோவில் ஒரு பாட்டு உண்டு. படகுப் பாட்டு. கையை உயர்த்தினதும் ஆறு பெட்டிகள் கீழ் வரிசையிலிருந்து கிளம்பும், ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு, தலைகளுக்கு மேலே ஆடி ஆடி. பாட்டு இருக்கும்வரை படகு நிற்கக் கூடாது. டிரிகென் கையை இறக்கும் கணத்தில் பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர் இன்னொரு தடவை போடவேண்டும். சுற்றியிருப்பவர்கள் அவரை ஓட்டி எடுப்பார்கள். அதனால் பெட்டி வந்ததும் காசைத் திணித்துவிட்டு நெருப்பைத் தொட்டதுபோல் அடுத்தவனிடம் தள்ளுவார்கள். துகிரானின் சாமர்த்தியமே அதில்தான். அரிசி மண்டிக்காரர் கைக்குப் பெட்டி போகும்வரை பாட்டை இழுத்து, சரியாக அங்கே வெட்டுவான். கேலரியே குலுங்கும். சம்சுரி வெட்டுவதில்லை. படகு மேல் வரிசைவரை போய்த் திரும்பி வரட்டும் என்று விட்டுவிடுவான். விளையாட்டு தெரியாதவன் என்று துகிரான் சொல்வான். ஆனால் வடக்குப் பெட்டிகள் எப்போதும் கனமாக இருந்தன.

கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எதிர் அணி பட்டியலின் நடுவில் கிடக்கும் அணி. ஜெயித்தாலும் தோற்றாலும் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் கூட்டம் நிறைந்திருந்தது. விஷயம் ஊருக்குத் தெரியும்.

முதல் படகு நன்றாகப் போனது. இரண்டு மூன்று இடத்தில் நறுக்கென்று வெட்டினான், அரிசி மண்டிக்காரர் இரண்டு தடவை மாட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். துகிரான் இடது தோளுக்குப் பின்னால் காதை வைத்திருந்தான். வடக்கிலிருந்தும் படகுப் பாட்டு வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல், ஒரே சீராக, கரையில் அலை வந்து போகிறமாதிரி. இவன் சிரிக்கவைத்து வாங்குகிறான். அங்கே கேட்காமலே விழுகிறது.

இடைவேளைக்குப் பிறகு இரண்டாவது படகு விட்டான். பிறகு மூன்றாவது. மூன்றாவதில் சிரிப்பு குறைந்தது. கைகள் சட்டைப்பைக்குள் போய் வெறுமனே வெளியே வந்தன. ஒருவன் ஊருக்குத் திரும்ப வைத்திருந்த வண்டிக் காசைப் போட்டுவிட்டு, எட்டு கிலோமீட்டர் நடக்கவேண்டும் என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வது வாயசைவில் தெரிந்தது. துகிரான் நான்காவது படகுக்குக் கையை உயர்த்தினான். கெம்புல் அண்ணாந்து பார்த்து, போதுமே என்பதுபோல் குச்சியைக் கொஞ்சம் தாழ்த்தினான். துகிரான் அவனைப் பார்க்கவில்லை. வடக்கில் இன்னும் பாட்டு நிற்கவில்லை.

நாலாவது வரிசையில் வினார்சி சந்தைப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டி அவள் கைக்கு வந்தது. கசங்கின ஒரு நோட்டைப் போட்டாள். அவளிடம் இன்னும் இருக்கிறது என்று துகிரானுக்குத் தெரியும். காலையில் அரிசிக்கென்று அவன்தான் கொடுத்தான். அவள் பெட்டியை அடுத்தவளிடம் நீட்டுவதற்குள் அவன் கை கீழே வந்தது. பாட்டு நின்றது.

நாலாயிரம் பேரில் பாதிப் பேருக்கு அவள் யார் என்று தெரியும். யாரும் ஓட்டவில்லை. வினார்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பர்ஸைத் திறந்து அதில் இருந்ததையெல்லாம் பெட்டிக்குள் போட்டாள். பிறகு பர்ஸைக் கவிழ்த்து, இரண்டு விரலால் பிடித்து, அவனுக்குத் தெரியும்படி உதறிக் காட்டினாள்.

அவன் பாட்டை மறுபடி எடுத்தான். குரல் உடைந்தது. அப்போதுதான் வடக்கு நின்றுபோனதைக் கவனித்தான்.

பாட்டு தேய்ந்து அடங்கவில்லை, ஒரேயடியாக நின்றது. மத்தளமும் இல்லை. பதினோரு வருஷத்தில் ஆட்டத்தின் நடுவே வடக்கு கேலரி இப்படி மௌனமாக இருந்து அவன் கேட்டதில்லை. முடிந்துவிட்டது, காய்ந்துவிட்டார்கள் என்று நினைத்தான். உடம்பெல்லாம் ஒரு குளுமை பரவியது. இரண்டு கையையும் தூக்கி இன்னும் சத்தமாகப் பாடச் சொன்னான். அவர்கள் பாடினார்கள். ஆனால் கண்கள் அவனிடம் இல்லை. அவன் தோளுக்குமேலே எங்கோ பார்த்தன. தலைகள் எல்லாம் இடமிருந்து மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டு வந்தன. யாரோ பந்தைத் தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறான் என்று அவன் கணக்குப் போட்டான். முன்வரிசை எழுந்தது, பிறகு அதற்குப் பின்வரிசை. எல்லோரும் நின்றார்கள். வாய்கள் திறந்தன. சத்தம் வருவதற்கு முந்தின அந்தக் கண் இமைக்கும் நேரம்.

துகிரான் கையை உயர்த்திக் கோல் பாட்டை எடுத்தான்.

முதல் அடியை அவன் மட்டும் பாடினான். கெம்புல் பழக்கதோஷத்தில் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினான். நாலாயிரம் பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் பாடவில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான், பிறகு அது பரவியது.

"அண்ணே, கோலெல்லாம் இல்ல" என்றான் கெம்புல். "கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

மேடையில் நின்றுகொண்டு கேலரிக்கு முதுகைக் காட்டுவது டிரிகெனுக்கு ஆகாது. துகிரான் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். முதலில் கண்ணில் பட்டது மைதானம்தான். அவன் நினைத்து வைத்திருந்ததைவிட அது சின்னதாக இருந்தது. ஒரு ஆட்டக்காரன் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் ஓடுபாதையைப் பார்த்தான். சம்சுரி வந்துகொண்டிருந்தான். தலையில் ஒரு மஞ்சள் பெட்டி, பின்னால் ஐந்து பேர், ஐந்து பெட்டி. வடக்கு கேலரி மொத்தமும் எழுந்து நின்று அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூலையில் இருந்த போலீஸ்காரர் அவனுக்காகக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். போன வருஷம் அந்த ஓடுபாதையில் ஒரு கால் வைத்ததற்கு அதே போலீஸ்காரர் துகிரானை முக்கால் மணி நேரம் நிற்கவைத்து எழுதி வாங்கிக்கொண்டார்.

சம்சுரி மேடைக்குக் கீழே வந்து பெட்டியை இறக்கினான். அவனுக்குக் குரல் சுத்தமாகப் போயிருந்தது. காற்றுதான் வந்தது.

"உன் பெட்டியெல்லாம் எங்கடா? கொண்டா. ஒண்ணாக் கொட்டிரலாம்."

"ஒண்ணாக் கொட்டினா எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றான் சம்சுரி.

"தோத்துருவோம்னு பயந்துட்டியா?"

அவன் அப்படிக் கேட்டது முன்வரிசைக்குக் கேட்டது. சம்சுரிக்குக் கோபம் வரவில்லை. கழுத்தைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான், எலும்பு சொடக்கியது.

"எனக்கு ஆட்டம் பாக்கணும்டா. பதினோரு வருஷமாச்சு. போன வாரம் டிவியில நம்ம டீமப் பாக்கறேன், பாதிப் பேரு மொகமே தெரியல. பேரு மட்டுந்தான் தெரியுது. நாந்தானே தெனம் அவனுங்க பேரைக் கத்தறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அந்த மேடைய நீயே வச்சுக்கோ."

மீந்த டெம்பேயைத் தட்டோடு தள்ளிவிடுவதுபோல் அவன் அதைத் தள்ளினான். துகிரானுக்கு எண்ணிப் பார்க்கவேண்டும் போல் இருந்தது. எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி, ஒவ்வொரு நோட்டாக எண்ணி, கிழக்கு இவ்வளவு, வடக்கு இவ்வளவு என்று ஹர்தோயோ வாயால் சொல்லக் கேட்கவேண்டும். எண்ணிடலாமே என்று சொல்லவும் செய்தான். அதற்குள் கீழே ஒரு தார்ப்பாயை விரித்துவிட்டார்கள். வடக்குப் பெட்டிகளும் கிழக்குப் பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்தன. அதில் இரண்டு பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தது வினார்சி. கவிழ்த்துவிட்டு அடியில் ஒட்டியிருந்த நோட்டையும் தட்டி உதறினாள்.

கைதட்டல் ஓயவேயில்லை. அது யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டுவதற்கு ஆள் வேண்டும் என்றபோது யாரைக் கேட்பார்கள்? ஒருநாள் விட்டு ஒருநாள் சம்சுரி ஓட்டினான். துகிரான் மைதானம் முழுக்கவும் டிரிகென் ஆனான். கிழக்கு மேடையை ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஏற்றி, வடக்குக்கும் தெற்குக்கும் ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்தார்கள். கையை உயர்த்தினால் பன்னிரண்டாயிரம் குரல். அவன் இத்தனை வருஷம் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் யாராவது வாழ்த்துச் சொன்னால், பெட்டி சொல்லியிருக்கும் என்று ஆரம்பித்துவிட்டு பாதியில் நிறுத்திவிடுவான். பெட்டி என்ன சொல்லியிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

சம்சுரி நாலாவது வரிசையில் உட்கார்ந்தான். சந்தைப் பெண்கள் அவனுக்கு இடம் போட்டு வைத்தார்கள். வினார்சியிடமிருந்து மூன்றாவது இடம். ஒரு காகிதக் கூம்பு நிறைய அவித்த கடலை. கிழக்கிலிருந்து வடக்குவரை எந்த முகத்தைப் பார்த்தாலும் துகிரானின் கண் அங்கேதான் வந்து நின்றது. மற்றவர்களெல்லாம் பாடிக்கொண்டே பார்த்தார்கள், அல்லது பார்த்துக்கொண்டே பாடினார்கள். சம்சுரி பார்த்தான், அவ்வளவுதான். கடலையை உரிப்பான், வாய்க்குக் கொண்டுபோவான், பாதியில் கை நிற்கும். அப்படி நின்றால் பந்து கோல் கம்பத்துக்கு அருகே வந்துவிட்டது என்று அர்த்தம். மற்ற வாய்கள் திறப்பதற்கு முன்னாலேயே அவன் கடலை கீழே விழும்.

இப்போதெல்லாம் துகிரானின் கோல் பாட்டு முன்னைவிடச் சீக்கிரம் எழுந்தது. முதுகுக்கண் இன்னும் கூர்மையாகிவிட்டது என்று ஹர்தோயோவே சொன்னார். துகிரான் வேறு பக்கம் பார்த்தான். கண் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அது நாலாவது வரிசையில் கடலை தின்றுகொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை சம்சுரி ஆம்புலன்ஸின் ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். துகிரான் டயரைக் கழற்றி, ட்யூபை உருவி, காற்றடித்தான். ஆம்புலன்ஸுக்கு அவன் காசு வாங்குவதில்லை. சம்சுரியின் சொந்த வேன் வந்தால் முழுக் காசும் வாங்குவான், ஐந்நூறு ரூபியாவைக்கூட விடமாட்டான். சம்சுரியும் அதைக் கேட்டதில்லை.

சம்சுரி பெஞ்சில் உட்கார்ந்து கிராம்பு சிகரெட்டைப் பற்றவைத்தான். வாய் சும்மா இருக்கவில்லை.

"நேத்து ரெண்டாவது கோலு."

துகிரான் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினான்.

"எதுக்குடா கடலைய மொத்தமாக் கொட்டின?" என்றான் பார்க்காமலே. "மொத கோலுக்குக்கூட நீ கொட்டல."

"அதப் பாத்தியா நீ?" சம்சுரி சிரித்தான். "கோலப் பாக்க வேண்டிய நேரத்துல என் கடலையப் பாத்திருக்க."

"வேற என்னத்தப் பாக்கறது. அங்க நின்னா உன் மூஞ்சிதான் தெரியுது."

சொன்னபிறகு அவனுக்கே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டது. சம்சுரி சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு கீழே குனிந்து நான்கு சக்கர நட்டுகளைப் பொறுக்கி பெஞ்சில் பரப்பினான். வால்வு மூடியை எடுத்து நடுவில் வைத்தான். இது நம்ம ஆளு, இது அவனுங்க, இது கோல்கீப்பர் என்றான். மூடி ஒரு நட்டிலிருந்து இன்னொரு நட்டுக்குப் போனது. மூன்றாவது நட்டு அதைத் தொடாமல் தாண்டிக் குதித்தது, அதை நம்பி கோல்கீப்பர் நட்டு தவறான பக்கம் சாய்ந்தது. மூடி பெஞ்சின் விளிம்பைத் தாண்டி மண்ணில் விழுந்தது.

"தொடவே இல்ல, தெரியுமா. தொடுற மாதிரி வந்து வுட்டுட்டான். அதான்டா."

துகிரான் மண்ணில் கிடந்த மூடியைப் பார்த்தான். நேற்று பன்னிரண்டாயிரம் பேர் இதைப் பார்த்திருக்கிறார்கள். வினார்சி பார்த்திருக்கிறாள். அவள் வீட்டில் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

"மூணாவது ஆளு எங்கேர்ந்து வந்தான்?" என்றான்.

"இங்கேர்ந்து."

"மறுபடி காட்டு."

சம்சுரி மூடியை எடுத்து ஊதி, மறுபடி நடுவில் வைத்தான். ட்யூபில் ஓட்டை எப்போதோ தெரிந்துவிட்டது, வால்வுக்குப் பக்கத்திலேயே, ஊசி முனை அளவுக்கு. துகிரான் கட்டைவிரலால் அதை அழுத்தி மூடிக்கொண்டு, ட்யூபைத் தண்ணீரில் இன்னொரு சுற்று விட்டான்.